வீட்டு மைத் தொகுப்பால் அடைத்துக்கொண்ட பேனா: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 'ஊற்றுப்பேனாவுக்கு ஏற்ற கறுப்பு மை' செய்முறைத் தொகுப்பு குறித்து.

ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனத்தின் தொகுப்பை வாங்கி, உள்ளே இருந்த அட்டையில் கண்டபடியே மை தயாரித்தேன். மாசிக்காய்த் தூள், அன்னபேதி (இரும்பு சல்பேட்டு), அரபிக் கோந்து என மூன்று பொட்டலங்கள் இருந்தன. தொட்டு எழுதும் பேனாவில் அந்த மை அருமையாகவே எழுதுகிறது. ஊற்றுப்பேனாவில் நிரப்பியதும் கோடு மெலிந்து, விட்டுவிட்டு எழுதி, பிறகு அடியோடு நின்றுவிட்டது.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. மாசிக்காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அன்னபேதியின் இரும்போடு சேரும்போது முதலில் வெளிறிய, நீரில் கரையும் பொருளே கிடைக்கிறது. காற்றுப் பட்ட பிறகுதான் அது கறுத்து, கரையாத துகளாகிறது. தாளில் எழுதிய பின் அப்படி நடந்தால் எழுத்து அழியாமல் நிற்கும். புட்டியிலேயே நடந்தால் வண்டல்தான். தங்கள் அட்டையோ, 'மை நன்றாகக் கறுக்கும்வரை திறந்து வைத்துக் கலக்கிவிட்டு, துணியில் வடிகட்டிப் பேனாவில் நிரப்பவும்' என்கிறது. அதாவது வண்டலை வேண்டுமென்றே உண்டாக்கிப் பேனாவுக்குள் ஊற்றச் சொல்கிறது! நிப்புக்கு அடியில் உள்ள நாக்கில் மயிரிழை போன்ற வரிப்பள்ளங்கள் வழியாகவே மை இறங்குகிறது. சமையலறைத் துணியின் கண்களைத் தாண்டி வந்த துகள் அந்தப் பள்ளத்தை அடைக்காமல் என்ன செய்யும்?

கோந்தின் கதை தனி. துகள்களை மிதக்க வைக்கவும், தொட்டு எழுதும் நிப்பில் மை வழுக்கி விழாமல் ஒட்டி நிற்கவும் அது உதவும். மூடிய பேனாவுக்குள் அதுவே காய்ந்து பள்ளங்களை அடைக்கும். ஊற்றுப்பேனாவுக்கென்றே இரும்பு மை தயாரிப்பவர்கள் இரும்பின் அளவைக் குறைக்கிறார்கள். அது கரைசலிலேயே இருக்கச் சிறிது அமிலம் சேர்க்கிறார்கள். எழுதும்போதே கண்ணுக்குத் தெரிய ஒரு சாயமும் கலக்கிறார்கள். கோந்தைத் தொடுவதில்லை. தங்கள் பெட்டியில் சாயமும் இல்லை, பூஞ்சை பிடிக்காமல் காக்கும் பொருளும் இல்லை. மீதமிருந்த மையின் மேல் இப்போது வெண்ணிற ஆடை படர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் படத்துடன் எழுதி அனுப்பியதற்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு தந்த பதில்: 'கையால் செய்த மையில் வண்டல் இயல்பு, அதுவே அதன் அழகு. பேனாவைக் குலுக்கி எழுதவும்.' எழுதாத பேனாவில் அழகை எங்கே தேடுவது என்று பதில் எழுதியவர் சொல்லவில்லை. பேனாவில்தான் கோளாறு இருக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். இந்த மையை நிரப்பும்வரை அதே பேனா, கடையில் வாங்கிய சாதாரண நீல மையில் தங்குதடையின்றி எழுதியது.

வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தேன், கோந்து கரைந்தது. வைட்டமின் சி கரைத்த நீரில் இரும்புக் கறையும் பெருமளவு இளகியது. ஆயினும் எஃகு நிப்பின் ஓரம் அரித்துப் பழுப்பேறிவிட்டது. கோடு இன்னும் சீராக வரவில்லை.

எனவே, தொகுப்பின் விலையை முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். நிப்பையும் நாக்கையும் மாற்றும் செலவைத் தாங்கள் ஏற்க வேண்டும். உறையில் 'தொட்டு எழுதும் பேனாவுக்கு மட்டும்' என்று அச்சிட வேண்டும். ஏற்கெனவே கடைகளுக்குப் போன பெட்டிகளிலும் அந்தச் சீட்டை ஒட்டியாக வேண்டும். பதிலைச் சேவைப் பிரிவிடம் விடாமல், இந்தத் தொகுப்பை வடிவமைத்தவரே எழுதினால் நல்லது. ஊற்றுப்பேனாவில் ஊற்றிச் சோதித்தார்களா என்பதற்கு அவர் ஒருவரே விடை சொல்ல முடியும்.

ரசீதின் நகல், அட்டையின் படம், நிப்பின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்