பழைய கணினியும் போகாத வைரஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டுக் கணினியில் புகுந்த வைரஸ் அழிக்க அழிக்கத் திரும்ப வந்தால், வன்தட்டை ஃபார்மேட் செய்யுங்கள், இல்லையேல் புதிதாக வாங்குங்கள் என்பதே பல பழுதுபார்ப்புக் கடைகளின் பதிலாக இருக்கிறது. அது அவசர முடிவு.

நாம் தேடும் வேளையிலும் நினைவகத்தில் இயங்கிக்கொண்டே இருந்து, அழித்த கோப்பை மறுபடி எழுதிவிடும் வைரஸ்கள் உண்டு. 2008-இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ், விண்டோஸின் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தியதுடன், வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் இணையதளங்களையே திறக்கவிடாமல் தடுத்தது. பென் டிரைவ் வழியாகவும் தொற்றியதால், கணினியை மட்டும் சுத்தம் செய்வது போதவில்லை. ஆகவே இணைய இணைப்பைத் துண்டித்து, தொற்றில்லாத வேறொரு கணினியில் தயாரித்த மீட்பு வட்டைக் (விண்டோஸ் இல்லாமலே கணினியைத் தொடங்கி வைரஸைத் தேடும் வட்டு) கொண்டு, விண்டோஸ் தொடங்கும் முன்பே சோதிப்பதுதான் பலன் தரும். விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் வசதியான சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்துள்ள, வைரஸ் தங்கியிருக்கக்கூடிய பழைய பிரதிகளையும் நீக்கி, வீட்டிலுள்ள பென் டிரைவ்கள் அனைத்தையும் (மேசை இழுப்பறையில் மறந்து கிடப்பவை உட்பட) சோதிக்க வேண்டும்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு மையமான சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கி வருகிறது. எனினும், விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டதால், அது இயங்கும் கணினியில் வங்கிப் பணிகளைத் தவிர்ப்பதோ, விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய கணினியிலும் இயங்கக்கூடிய எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்வதோ நல்லது. இவ்விவரங்களைத் தங்கள் நாளிதழ் செயல்முறை விளக்கத்துடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி.