மெஷினுக்கு முன்னாடி உட்கார்ந்த சித்தாள் எழுதுறேனுங்க

கோயமுத்தூர் வட்டாரத்துல அடுக்குமாடி கட்டுற முதலாளிமாருங்களுக்கும் இன்ஜினியர் தம்பிகளுக்கும்,

வணக்கமுங்க. போன மாசம் காளப்பட்டிப் பக்கம் ஒரு சைட்டுல, சுவருக்குப் பூச்சு பூசுற மெஷினை ஓட்ட விடாம ஒன்றரை நாள் உட்கார்ந்த பொம்பளைங்கள்ல நானும் ஒருத்தி. "ஊரே முன்னேறுது, இதுக குறுக்க நிக்குதுக"ன்னு உங்க ஆளுங்க பேசிக்கிட்டதா மேஸ்திரி வந்து சொன்னார். எதுக்கு உட்கார்ந்தீங்கன்னு எங்களை யாரும் கேட்கலை. அதான் எழுதுறேன்.

அன்னூர்ல இருந்து சத்தி ரோட்டுல பஸ் பிடிச்சு வர்றவ நான். 23 வருஷமா சித்தாள். கலவைச் சட்டி நிறைஞ்சா 15 கிலோவுக்குக் குறையாதுங்க. சும்மாடு வெச்சு அதைத் தலையில ஏத்திக் கொண்டுபோய்க் கொட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள, சாரத்து மேல இருந்து கொத்தனார் "கலவை!"ன்னு கத்துவார். கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு, இனிமே பாரம் தூக்காதீங்கன்னு எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. சரிங்கன்னு தலையாட்டிட்டு மறுநாளும் பஸ் ஏறினேன். சட்டி தூக்க ஒரு மெஷின் வருதுன்னா முதல்ல கும்பிடு போடுறவ நான்தானுங்க.

ஆனா இதுவரைக்கும் வந்த மெஷின் ஒவ்வொண்ணும் யாரை வீட்டுக்கு அனுப்புச்சுன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? முன்னெல்லாம் தளம் போடுற அன்னிக்கு முப்பது நாப்பது பேர் வரிசையா நின்னு சட்டி கை மாத்துவோம். வரிசையில பாதிக்கு மேல பொம்பளைங்க. அன்னிக்கு மதியம் வீட்டுக்காரர் சாப்பாடு போடுவார். அப்புறம் கலந்த கான்கிரீட்டையே கொண்டுவர்ற ரெடிமிக்ஸ் லாரியும், அதை மேல ஏத்துற பம்பும் வந்துச்சு. இப்போ குழாய் பிடிக்க ஆறேழு ஆம்பளைங்க போதும். லிஃப்ட் வந்துச்சு, பட்டன் அமுக்க ஒரு பையன். கொத்தனார் எப்படியோ பொழைச்சுக்கிட்டார். சித்தாள்தான் ஒவ்வொரு தடவையும் அக்கட்டால போனா.

இந்தப் பூச்சு மெஷினை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ரெண்டு கம்பத்தை நட்டு, தூக்குக்குண்டு பிடிச்சு நேர் பார்த்து நிறுத்தணும். தொட்டியில கலவை கொட்டினா, சுவரோட அழுத்திக்கிட்டே மேல ஏறி இறங்கும். மூலை, ஜன்னல் ஓரம், சன்ஷேடு அடியெல்லாம் அதால ஆகாது, கரணை, அதான் பூசுற கரண்டி, பிடிச்ச கைதான் போகணும். கலவை துளி தண்ணியாப் போச்சுன்னா பூசினது மொத்தமும் சரிஞ்சு காலடியில கிடக்கும். மொத நாள் மூணு தடவை அப்படித்தான் விழுந்துச்சு. அந்தப் பதம் மெஷின் கம்பெனிக்காரருக்குத் தெரியலைங்க. வருஷக்கணக்கா மண்வெட்டியில கலக்கின எங்களுக்குத் தெரிஞ்சது.

மெஷின் ஓட்ட வந்த தம்பி வடக்கத்திக்காரப் பையன், இருபது வயசு இருக்கும். அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. தூக்குப் போசியில இருந்த மோரை ஊத்திக் கொடுத்தேன். அவன் பட்டனைக் காட்டிக் கொடுத்தான். டீ நேரத்துல ஒரு சுவரை நானே ஓட்டினேன். ரசமட்டம் வெச்சுப் பார்த்தோம், மட்டம் சரியா நின்னுச்சு. அப்பத்தான் சூப்பர்வைசர் வந்தார். "பொம்பளைக்கு எதுக்கு மெஷின்? போயி சட்டியை எடு"ன்னார். சாயங்காலமே 14 சித்தாள்ல அஞ்சு பேர் போதும்னு சொல்லிட்டாங்க. அடுத்த நாள் காலையில போயி உட்கார்ந்தோம்.

என்கூடவே சட்டி தூக்கச் சேர்ந்த பையன் ஒருத்தர் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இப்போ சனிக்கிழமையானா எனக்கே சம்பளம் எண்ணிக் கொடுக்கிறார். நல்ல மனுஷன், குறை சொல்லலை. எனக்கு மட்டும் கரணையை யாரும் கையில கொடுக்கலை. கரணைக்குப் பலம் வேணும்னு சாக்குச் சொன்னாங்க. பட்டனுக்கு என்ன பலமுங்க வேணும்?

பெங்களூரு அல்சூர் பக்கம் 3டி பிரிண்டிங் மெஷின்ல கட்டி 2023ல திறந்த போஸ்ட் ஆபீஸை என் மக போனில் காட்டினா. 1,021 சதுர அடி, 43 நாள்ல முடிச்சாங்களாம். கோலமாவு விடுற மாதிரி மெஷினே சுவரை அடுக்கடுக்கா விட்டுக்கிட்டுப் போகுது. அதுவும் ஒரு நாள் நம்ம சரவணம்பட்டிக்கு வரும். வரட்டும். அப்பவும் எங்களை வாசலுக்கு வெளிய நிறுத்திருவீங்களோன்னுதான் வெசனம்.

கட்டடச் செலவுல நூத்துக்கு 1 ரூபா கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்குக் கட்டறீங்க, 1996ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது. எங்க பேரைச் சொல்லிச் சேர்ற பணமுங்க அது. சித்தாளுங்களுக்கு மெஷின் ஓட்டப் பயிற்சி வேணும்னு வாரியத்துக்கு நீங்களும் எழுதுங்க. பயிற்சி நாளுக்குக் கூலி வேணும், இல்லைன்னா எவளும் வரமாட்டா, வீட்ல அடுப்பு எரியணுமில்ல. மெஷின் இறங்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சொல்லுங்க. எந்த ஆளோட வேலையை அது எடுக்குதோ, அந்த ஆளுக்கே முதல்ல அதை ஓட்டக் கொடுங்க.

இப்போ அந்த மெஷின் நாலாவது மாடிக்கு ஏறிருச்சு. நாங்க அஞ்சு பேர் அதுக்குக் கலவை கொட்டிக்கிட்டிருக்கோம். மத்தவங்க வேற சைட் தேடிப் போனாங்க. ஒருத்தி திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போயிட்டா.

பதில் சொல்லணும்னா சைட்டுக்கே வாங்க. பதினொரு மணிக்கு டீ. ஒரு சுவர் பூசிக் காட்டுறேன், ரசமட்டத்தை நீங்களே வெச்சுப் பாருங்க.

இப்படிக்கு,
அன்னூர்ல இருந்து வர்ற சித்தாள் ஒருத்தி