டூப்ளிகேட் கதவும் எங்க வீட்டு ஹெரால்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை பழைய கார் ரெடி பண்றத பத்தி போட்டிருந்தீங்க, போட்டோ எல்லாம் சூப்பர். ஆனா நடுவுல "துரு பிடிச்ச பேனலை கழட்டி போட்டுட்டு புதுசா அடிச்சு மாட்டிட்டா வேலை முடிஞ்சது"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க (பேனல்னா கதவு, மட்கார்டு மாதிரி பாடி தகடு), அதுக்கு மேல எனக்கு காபி இறங்கல.

எங்ககிட்ட 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார் இருக்கு, அப்பா வாங்குனது, நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி. இதோட மூலம் 1959ல இங்கிலாந்துல வந்த ட்ரையம்ப் ஹெரால்டு, டிசைன் பண்ணது மிக்கெலாட்டினு ஒரு இத்தாலிக்காரர். ட்ரையம்ப்காரங்களுக்கு பாடி அடிச்சு குடுத்துட்டு இருந்த கம்பெனிய போட்டிக்காரங்க வாங்கிட்டாங்க, அதனால ஒரே பீஸா அடிக்க வழியில்லாம துண்டு துண்டா அடிச்சு சேஸிஸ் (வண்டிய தாங்கற அடி சட்டம்) மேல போல்ட் போட்டு சேத்தாங்க. பானட் ரெண்டு மட்கார்டோட மொத்தமா முன்பக்கம் கவிழும், தெரு பசங்க அத பாக்கவே வருவாங்க.

விஷயத்துக்கு வரேன். இங்கிலாந்து ஹெரால்டுல ரெண்டு கதவுதான், நாலு கதவு வெச்சது இந்தியாவுல மட்டும். அங்க இன்னமும் புது சில் (கதவுக்கு கீழ ஓடற பாடி பட்டை), ஃப்ளோர் எல்லாம் அடிச்சு விக்கறாங்க, காசு இருந்தா வரவழைக்கலாம், ஆனா பின் கதவுக்கு அங்க யார கேக்கறது? இங்க இருக்கறத காப்பாத்தணும், இல்லனா கையால அடிக்கணும்.

காப்பாத்த முடிஞ்சத காப்பாத்தாம விட்டதுதான் நான் பண்ண தப்பு. இடது பின் கதவு அடியில நாலு விரல் அகலத்துக்கு துரு பிடிச்சு மொறுமொறுனு ஆயிருந்துச்சு, ஒரு பட்டறைல "எதுக்கு சார் பேட்ச் போட்டுக்கிட்டு, புது கதவே அடிச்சிடலாம்"னாங்க, நானும் தலையாட்டிட்டேன், பழைய கதவு எடைக்கு போயிடுச்சு. வந்த கதவ சாத்துனா டால்டா டப்பா மூடுற சத்தம். தகடு அவ்ளோ மெல்லிசு. சைடுல ஓடற மடிப்பு கோடு முன் கதவுல ஒரு உயரத்துல வந்து இதுல கால் இஞ்ச் இறங்கி போச்சு, அத சரிகட்ட பட்டிய (பள்ளத்த நிரப்பற பூச்சு) அப்பி வெச்சிருக்காங்க, காந்தத்த வெச்சு பாத்தேன், நடுவுல ஒட்டவே இல்ல, வழுக்கி கீழ விழுது. அடுத்த மழைக்கு கீழ் மூலைல பெயின்ட் கொப்புளம்.

அப்புறம்தான் ஒரு வயசான டிங்கர் அண்ணன் சொன்னாரு, கண்ணாடி வழியா உள்ள இறங்குற தண்ணி வெளிய போக கதவு அடியில ஓட்டை இருக்கும், அது மண்ணு அடைச்சுக்கிட்டா எந்த கதவும் கீழ இருந்துதான் அரிக்கும், ஒரிஜினலா இருந்தாலும் டூப்ளிகேட்டா இருந்தாலும். புது கதவுல அந்த ஓட்டையே போடல! வலது பின் கதவ அவர்கிட்டயே குடுத்தேன். அடிப்பகுதிய மட்டும் வெட்டி எடுத்து, அதே கனத்துல தகடு மடிச்சு வெச்சு, சூட்டுல மேல் தகடு நெளியக்கூடாதுனு விட்டு விட்டு வெல்டு வெச்சாரு. ஒன்பது நாள் ஆச்சு, கூலியும் ஜாஸ்திதான், ஆனா சாத்துனா இன்னமும் "டப்"னு பழைய சத்தம்.

கதவு இடுக்கு ஒரு பக்கம் அகலமா தெரிஞ்சா உடனே கதவ குறை சொல்லாதீங்க. ஹெரால்டுல பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ரப்பரும் வாஷரும் இருக்கு, அது நசுங்குனா கதவு தானா தொங்கும், பாதி பேரு அத பாக்காமயே கதவ சுத்தியலால தட்டிட்டு இருக்காங்க.

எல்லாமே ஒரிஜினல்தான் வேணும்னு நான் அடம் பிடிக்கல. ஃப்ளோர், சில் எல்லாம் பொடிஞ்சு போச்சுனா புதுசு போடுங்க, கால வெச்சா ரோடு தெரியற ஃப்ளோர வெச்சுக்கிட்டு பெருமை பேசி என்ன பண்றது. ஆனா 2021ல வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு "விஏ" நம்பர் (வின்டேஜ் வண்டிக்குனு தர்ற தனி பதிவு நம்பர்) வாங்கணும்னா வண்டி ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும், சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின்ல பெரிய மாத்தம் கூடாது, கட்டணமே 20,000 ரூபா. ஒரு கதவுக்காக யாரும் தள்ள மாட்டாங்கனு நினைக்கறேன், அதுக்காக வண்டி மொத்தத்தையும் புது தகட்டுல அடிச்சு கொண்டு போய் நிறுத்துனா அது என்ன கணக்கு? இத உங்க கட்டுரை எழுதுனவரு ஒரு வரி சேத்திருக்கலாம்.

பழைய வண்டி பார்ட்ஸ் கிடைக்கற புதுப்பேட்டை பக்கம் இப்பவும் மாசத்துக்கு ரெண்டு தடவை போறேன். மார்க் 3 இடது பின் கதவு, துருவா இருந்தாலும் பரவால்ல, யார் வீட்டு மாடிலயாவது கிடந்தா காயலான் கடைக்கு போடறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸுக்கு ஒரு வார்த்தை சொல்ல சொல்லுங்க சார், நான் வந்து எடுத்துக்கறேன்.

– ஒரு ஹெரால்டு ஓனர், தாம்பரம்