தூக்கத்தையும் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். யுனிவர்சிட்டி பசங்களுக்கு ஹெல்த் பத்தி சொல்றோம்னு வருஷத்துக்கு ஒரு நாள் ஹால்ல உட்கார வெச்சு லெக்சர் குடுத்துட்டு போயிடுறாங்க, அது பத்தவே பத்தாதுங்க. முதல்ல தூக்கத்தை பத்தி பேசணும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழுக்க முழிச்சு படிக்கிறது ஏதோ பெரிய சாதனை மாதிரி ஆகிப்போச்சு, ஆனா படிச்சது மூளையில உறுதியா பதியறதுக்கே தூக்கம் வேணும், 18 வயசு தாண்டினவங்க குறைஞ்சது 7 மணி நேரமாவது தூங்கணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. சாயங்காலம் குடிக்கிற காபியில இருக்கிற, தூக்கத்தை விரட்டுற காஃபின் உடம்புல பாதியா குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், இது எத்தனை பசங்களுக்கு தெரியும்? எனர்ஜி ட்ரிங்க்கும் அப்படித்தான்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடற்பயிற்சி வேணும்னு சொல்லுது, வேகமா நடந்தாலே போதும், ஜிம் கட்டாயமில்ல. இன்னொன்னு, சாதாரண சளிக்கெல்லாம் தானா ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுறாங்க, சளி வர்றது வைரஸால, வைரஸ் மேல அது வேலையே செய்யாது. மனசு சரியில்லன்னா பயமில்லாம போய் பேச எல்லா கேம்பஸ்லயும் ஒரு கவுன்சிலர் இருக்கணும், பேசினது வெளிய போகாதுங்கற உறுதியோட. லைப்ரரியை ராத்திரி பூரா திறந்து வைக்கிற நிர்வாகங்க காலை 8 மணி கிளாஸை கொஞ்சம் தள்ளி வைக்கிறதையும் யோசிக்கட்டும்.