நரிக்கு மருந்து வைக்கும் முன்: ஊர்க் கமிட்டிக்கும் பாத்திக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கமிட்டிப் பெரியவர்களுக்கும், பொதுத் தோட்டத்தில் பாத்தி வைத்திருக்கும் அக்கா, லாத்தா, அண்ணன், காக்கா எல்லோருக்கும் வணக்கமும் சலாமும்.

வருகிற வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிந்ததும் கூடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பேசப்போவது நரி. காதில் விழுவதை வைத்துப் பார்த்தால் தீர்மானம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கோழிக்குடலில் குருணை விஷ மருந்தைக் கலந்து வேலிக்கருவைக் காட்டு ஓரம் வைப்பது, அதற்கும் அடங்காவிட்டால் கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் வைக்க ஆள் பார்ப்பது. கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கூட்டத்தில் பெண்கள் பேச எழுந்தால் சரியாக அந்த நேரம் பார்த்து டீ வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. என் பாத்தியிலும் கத்திரி நாற்று வரிசையாகப் பிடுங்கிக் கிடந்தது. மேற்கு ஓரத்தில் மல்லிகை வைத்தவர்கள் தங்கச்சிமடத்திலிருந்து காசு கொடுத்து வாங்கி வந்த பதியன் அத்தனையும் சாய்ந்துவிட்டது. பனங்கொட்டை புதைத்த மேடு, சர்க்கரைவள்ளி மேடு, சொட்டுநீர்க் குழாய் எதுவும் தப்பவில்லை. கோபம் நியாயம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பிடுங்கிய நாற்றில் ஒரு இலைகூடக் கடிபடவில்லை. வேர் மேலே தெரிய வாடிக் கிடக்கிறதே தவிர, எதுவும் அதைத் தின்னவில்லை. நரிக்கு நம் கத்திரியும் வேண்டாம், மல்லிகையும் வேண்டாம்.

அப்புறம் எதற்குத் தோண்டுகிறது? குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வாய் ஒரு சாண் அகலம்கூட இல்லை. உள்ளே போகப் போகக் குறுகிக்கொண்டே போனது. அடியில் ஈரமணலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் செதில், காரல் மீன் முள் ஒன்று, பாதி கரைந்த செவுள். சுற்றிலும் சிற்றெறும்பு. நாற்று நடும்போது தூருக்குத் தூர் ஒரு கை சங்காயத்தை, அதாவது விலைபோகாத கழிவு மீனை, போட்டு மூடுவது நம் ஊர் வழக்கம். நரி தோண்டியது அந்தச் சங்காயத்துக்காக. நாற்று அதன் வழியில் நின்றது, அவ்வளவுதான்.

இந்தக் கடற்கரை மணலில் சத்து நிற்காது. ஊற்றுகிற தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அதனால் மீன்கழிவையும் கரை ஒதுங்குகிற பாசியையும் போட்டுத்தான் நம் அம்மாக்கள் காய் பறித்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பச்சையாக, நாலு விரல் ஆழத்தில் புதைப்பதுதான் வினை.

நரி மூக்கு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பங்குனி ஆமை கரையேறுகிற காலம் இது. ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்தில் குழி பறித்து, நூறு முட்டை, சில நேரம் அதற்கு மேலும் இட்டு, மணலை மூடித் தட்டிச் சமப்படுத்திவிட்டு ஆமை கடலுக்குத் திரும்பிவிடும். வந்துபோன தடத்தைக் காற்று அழித்துவிட்டால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நரியும் நாயும் மோப்பம் பிடித்து நேராக அங்கே போய் நிற்கும். அதனால்தான் தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை ஆட்கள் இருட்டோடு கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்து, வேலி அடைத்த பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கிறார்கள். முட்டையைக் காப்பாற்ற அவர்கள் நரிக்கு மருந்து வைக்கவில்லை. நரி எட்டாத இடத்துக்கு முட்டையை மாற்றினார்கள். ஒன்றரை அடிக்குக் கீழே இருக்கும் முட்டையையே கண்டுபிடிக்கிற மூக்குக்கு நம் நாலு விரல் மண் எம்மாத்திரம்?

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே ஊராட்சி மாதிரியான அமைப்புகள் பொது நிலத்தைத் துண்டு போட்டு வாடகைக்கு விடுகின்றன, குடும்பங்கள் காய்கறி போட்டுக்கொள்கின்றன. அங்கே வருவது செந்நரி. எலும்புத்தூள், உலர்த்திய ரத்தம், மீன் உரம் போட்ட பாத்தியைத்தான் அதுவும் கிளறும். அனுபவப்பட்ட தோட்டக்காரர்கள் அங்கே முதலில் மாற்றுவது உரத்தை. நரிச்சாதி வேறு, மண் வேறு, மூக்கு மட்டும் ஒன்று.

இன்னொன்று. எல்லாக் குழியையும் நரி தலையில் கட்டாதீர்கள். காட்டுப்பன்றி வந்தால் வரப்பையே புரட்டிப்போடும். பெருச்சாளி மண்ணைக் குவித்து வைக்கும், அதன் வளை பக்கவாட்டில் ஓடும். நாய் அகலமாக, நாலாபக்கமும் மண் சிதறத் தோண்டும். அதன் தடமும் இங்கும் அங்கும் அலையும். நரித் தடம் நீளவாக்கில், ஊசியால் தைத்தாற்போல ஒரே கோட்டில் போகும். விடிந்ததும் மணல் ஈரம் காயும் முன் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். என் கணக்குக்குப் பாதிக் குழி டீக்கடை வாசலில் பகலெல்லாம் படுத்திருக்கிற நம் ஊர் நாய்களுடையது. அவற்றுக்குப் பிஸ்கட் வாங்கிப் போடுகிறவர்களே நரியைக் கொல்ல வேண்டும் என்று சத்தம் போடுவது வேடிக்கை.

எருக்குவியலைக் கிளறுவது மட்டும் வேறு கணக்கு. அதற்குள் கட்டைவிரல் தடிமனில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கிறதே, அது தென்னங்குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டின் புழு. அதை நரி பொறுக்கித் தின்றால் தென்னை வைத்திருப்பவர் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். கிளறல் பிடிக்காதவர்கள் எருவில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்துவிடுங்கள். புழு செத்தால் நரிக்கு அங்கே வேலை இல்லை.

இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதல் வேலை மீன்கழிவு. தோட்டத்து வாசலில் இறுக்க மூடுகிற பிளாஸ்டிக் டிரம் இரண்டு வைப்போம். கழிவும் அதே எடைக்கு வெல்லமும் போட்டுக் கலந்து மூடிவிட்டால் ஒரு மாதத்துக்குள் மீன் அமிலம் ஆகிவிடும். கருப்பட்டி விலைக்கு இது கட்டுமா என்று கேட்காதீர்கள், கழிவு வெல்லம் போதும். பதமானதும் வாடை பழவாடையாக மாறியிருக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து ஊற்றலாம், மண்ணுக்குள் நரி தேட எதுவும் இருக்காது. அமிலம் வேண்டாம் என்பவர்கள் பழைய கிணற்று உறை ஒன்றில் இலைதழையோடு போட்டு, மேலே கனமான மூடி வைத்து மக்க வையுங்கள். முழுசாக மக்கிய பிறகே பாத்திக்கு வரட்டும். எலும்புத்தூளுக்கும் கடலைப் புண்ணாக்குக்கும் பதில் வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். பனங்கொட்டையைச் சதையோடு புதைக்காமல் கழுவிக் காயவைத்துப் புதையுங்கள். கீழே விழுந்த பனம்பழம் நரிக்குக் கல்யாணச் சாப்பாடு, அந்த வாசம் கொட்டையிலும் இருக்கும்.

இரண்டாவது வேலி. நம் பனைமட்டை வேலி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நரி அதன் மேலே ஏறி வரவில்லை, அடியில் நுழைந்து வருகிறது. வேலியை ஒட்டிய இடத்தில்தான் அது தோண்டத் தொடங்கும். பின்னால் தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. ஆகவே வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்று, ஒன்றரை அடிக்குக் கம்பிவலையைத் தரையில் படுக்கப்போட்டு, வேலியோடு சேர்த்துக் கட்டி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் தோண்டுகிற இடத்திலெல்லாம் நகத்தில் கம்பி தட்டும். கொஞ்ச நேரம் பிராண்டிவிட்டுப் போய்விடும். மெல்லிய கோழிவலை இந்த உப்புக்காற்றுக்குத் தாங்காது, கனமான ஜி.ஐ. மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிவலை, வாங்குங்கள். பழைய நைலான் வலை சும்மா கிடக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது வேண்டாம். சாரைப்பாம்பும் உடும்பும் மயில்குஞ்சும் அதில் சிக்கிச் சாகும். சாரை செத்தால் எலி பெருகும், அப்புறம் எலிக்கு ஒரு கூட்டம் போட வேண்டிவரும்.

புதிதாக நட்ட பாத்திக்கு நம் ஊரிலேயே நல்ல காவல் இருக்கிறது: கருக்கு. பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் அரம் மாதிரிப் பல் இருக்கிறதே, அதைக் குறுக்கும் நெடுக்குமாக நாற்று இடைவெளியில் படுக்க வையுங்கள். நரி பாதம் மெத்தென்றது, ஒருமுறை வைத்தால் எடுத்துவிடும். வேர் பிடித்ததும் மட்டையை எடுத்து அடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடிவருகிற பாதையில் மட்டும் போடாதீர்கள். அந்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதையும் காலைக்கு மாற்றிவிடுங்கள். இளகிய மண்ணும் கிளம்புகிற வாசமும் சேர்ந்து இருட்டில் நரியைக் கூப்பிடுகின்றன.

மிளகாய்த்தூள் தூவலாம் என்றொரு யோசனை ஓடுகிறது. நம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதன் காரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொண்டல் காற்று அடித்தால் அது நரி மூக்குக்குப் போகாது, நம் கண்ணுக்குத்தான் வரும். பினாயில், மண்ணெண்ணெய் மண்ணைக் கெடுக்கும். பழைய சேலை, ரேடியோ, தகர டப்பா எல்லாம் கொஞ்ச நாள் மிரட்டும், பிறகு பழகிவிடும். ஆள் அசைந்தால் எரிகிற சோலார் விளக்கு பரவாயில்லை, அதையும் இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

குழாய் கடிப்பதற்குக் காரணம் தாகம். ஊருணி வற்றியதும் அது ஆரம்பிக்கும். கருவைக் காட்டுக்கு அந்தப் பக்கம், தோட்டத்திலிருந்து தள்ளி, ஒரு சிமெண்ட் தொட்டி வைத்து முறை போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழாய் மிஞ்சும்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். நரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர். கொன்றால் வழக்கு, ஜெயில். தீர்மானப் புத்தகத்தில் கமிட்டியே கையெழுத்துப் போட்டு வைத்தால் சாட்சி தேட வேண்டிய சிரமம்கூட வனத்துறைக்கு இருக்காது. சட்டத்தை விடுங்கள். மருந்து வைத்த குடல் நரிக்கென்று காத்துக் கிடக்குமா? நாய் தின்னும், காக்கை தின்னும், செம்பருந்து தூக்கிக்கொண்டு போய் யார் கிணற்றிலாவது போடும். அவுட்டுக்காய் என்றால் மேயப் போன மாடு கடித்து வாய் சிதறும், பந்து என்று பிள்ளை கையில் எடுக்கும். வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவது பற்றிப் பேசுகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். அந்த வேலியைத் தாண்டித்தான் அவர் பேரன் டியூஷன் போகிறான்.

சரி, எல்லாம் பிசகில்லாமல் நடந்து நரியே செத்தது என்று வையுங்கள். நரி ஜோடியாக ஓர் எல்லை பிடித்து வாழ்கிற பிராணி. அந்த ஜோடி போனால் எல்லை காலி, சங்காய வாடைக்கு அடுத்த ஜோடி வந்து உட்காரும். நடுவில் வயல் எலியும் பெருச்சாளியும் கொண்டாட்டம் போடும். குட்டி போடுகிற காலமும் நெருங்குகிறது. தாய் செத்தால் வளைக்குள் குட்டி பட்டினியில் சாகும். அதைச் செய்துவிட்டு நாம் வெண்டைக்காய் பறித்துத் தின்ன வேண்டுமா?

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று பெரியவர்கள் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. மேலே விழுந்து பிடுங்குகிற நரியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டப்பகலில் ஆளைக் கண்டும் ஓடாமல், தள்ளாடிக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுகத் திரிந்தால் அது வெறி. கல்லெடுக்காதீர்கள், பிள்ளைகளை வீட்டுக்குள் விட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டுவது வேண்டாம், மந்திரிப்பதை நம்பியிருக்கவும் வேண்டாம்.

கமிட்டிக்கு மட்டும் ஒரு வார்த்தை. கருவைக் காட்டு ஓரம் இறைச்சிக்கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டப்படுவது உங்களுக்குத் தெரியும். யார் கொட்டுகிறார்கள் என்பதும் தெரியும். கருவாடு காயப்போடுகிற களத்தைச் சுற்றியும் குடலும் தலையும் அப்படியே கிடக்கின்றன. தினமும் அங்கே விருந்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற தோட்டத்துக்கு நரி வரக் கூடாது என்றால் எப்படி? பாத்திக்காரர்களிடம் டிரம் வாங்கக் காசு கேட்கும் முன் அந்த மூட்டைகளை நிறுத்துங்கள். கடைக்காரர் சொந்தக்காரர் என்று தயங்க வேண்டாம், எனக்கும் சொந்தம்தான். வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை மருந்து என்ற வரியை அடித்துவிட்டு, டிரம் இரண்டு, மெஷ், தண்ணீர்த் தொட்டி, இறைச்சிக்கழிவுக்கு ஒரு குழி என்று எழுதுங்கள். மெஷ்ஷுக்குப் பணம் போதாவிட்டால் இப்போதைக்கு வடக்கு ஓரத்துக்கு மட்டும் போடலாம், தடம் எல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. மற்ற மூன்று பக்கத்துக்கும் வேண்டிய கருக்கு மட்டை என் கொழுந்தனார் தோப்பில் வெட்டிக் கிடக்கிறது. வண்டி வாடகையைக் கமிட்டி ஏற்றுக்கொண்டால் சனிக்கிழமை காலையிலேயே ஏற்றிவிடலாம்.

இப்படிக்கு,
தெற்கு வரிசை, கிணற்றடிப் பாத்திக்காரி