சனிக்கிழமை மியூசியத்துக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் சவுத் கென்சிங்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று மியூசியத்துக்குப் போவதாகச் சொன்னாய். டைனோசர், திமிங்கலம், எரிமலை, பூச்சி, கல் என்று பட்டியல் வேறு வாசித்தாய். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடு. இரண்டு இடம் பார்த்தால் போதும். ஆறு வயசுக்கும் மூணு வயசுக்கும் அதுவே அதிகம்.

உன்னையும் தம்பியையும் எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? ராத்திரி சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலை சென்ட்ரலில் இறங்கி, வெயிட்டிங் ரூமிலேயே குளித்து, அன்று ராத்திரியே அதே வண்டியில் திரும்பினோம். இவ்வளவு செலவழித்து வந்தாயிற்று, ஒரு அறை விடக்கூடாது என்று சிலை, நாணயம், வாள், ஈட்டி எல்லாவற்றையும் சுற்றினோம். அதில் உனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நின்று, “செத்த பிறகும் இதைப் படுக்கவிடாமல் ஏன் தொங்க விட்டிருக்காங்க?” என்று கேட்டாயே, அது மட்டும் ஊருக்கு வந்தும் ஒரு வாரம் ஓடியது. தம்பிக்கு வாசலில் ஊர்ந்த கட்டெறும்பு போதுமாக இருந்தது.

உனக்கு அந்த ரயில் அவசரம் கிடையாது. அங்கே நுழைவுக் கட்டணமும் இல்லை. குட்டி அழுதால் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடு, அடுத்த மாதம் மறுபடி போ. காசு கொடுக்காத இடத்தில் காசுக்குப் பார்க்க வேண்டும் என்ற கணக்கு எதற்கு?

நானும் அம்மாவும் அங்கே வந்திருந்தபோது பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதலில் பெரிய கூடம். எழும்பூர் திமிங்கலம் 1874-இல் மங்களூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. அங்கே தொங்குவது 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் மணல் திட்டில் சிக்கியது. நீலத் திமிங்கலம், 25 மீட்டர் நீளம். அதற்கு ‘ஹோப்’ என்று பேர் வைத்து, 2017-இல் கூடத்தின் நடுவே பாய்வது போலக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழே நின்றால் விலா எலும்புதான் தெரியும். படியேறி மாடத்துக்குப் போ. அங்கிருந்து துடுப்பைப் பக்கவாட்டில் காட்டு. துடுப்புக்குள்ளே மேல்கை எலும்பு, முன்கை எலும்பு, மணிக்கட்டு, அப்புறம் நீள நீளமாக விரல். பெரியவன் தன் கையை நீட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அவனுக்கு ஐந்து விரல், அதற்கு நான்கு. காலோடு நிலத்தில் திரிந்த விலங்கின் வழியில் வந்தது இது என்று நீ பாடம் எடுக்க வேண்டாம். மீனுக்கு எதற்கு விரல் என்று அவனே கேட்பான், அப்போது சொல்.

குட்டிக்குக் கட்டிடமே போதும். தூண்களிலும் வளைவுகளிலும் சுடுமண் குரங்குகள் ஏறுகின்றன. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எண்ணச் சொல். வெளிச்சுவரில் கிழக்குப் பக்கம் அழிந்துபோன விலங்குகள், மேற்குப் பக்கம் இன்றும் இருப்பவை என்று 1881-இல் திறக்கும்போதே பிரித்து வைத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கும் நேரம் அதில் போய்விடும். உறுமும் டைனோசர் பொம்மைக்கு இந்தத் தடவை போகாதே. கூட்டம், இருட்டு, ராத்திரி தூங்க மாட்டாள்.

இன்னொன்று எனக்காக. மாடியில் பழைய மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும் கனிமக் கற்கள் அறைக்கு மாப்பிள்ளையை அனுப்பு. பிள்ளைகள் வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் சலித்துவிடும். மேக்னசைட் என்று எழுதிய பெட்டி இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாக வெள்ளைக்கல் இருந்தால் அதுதான் உன் அப்பனுக்குச் சோறு போட்டது. கருப்பூர்ப் பக்கம் அந்தக் கரும்பச்சைப் பாறை கிழிந்த இடமெல்லாம் வெள்ளை நரம்பாக ஓடுவதை நீ பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாய். எஃகு உலையின் உள்சுவருக்குச் செங்கல் ஆவது அந்தக் கல். மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே அதன் பேர் இருக்கிறது என்றால் மாப்பிள்ளை நம்ப மாட்டார். போர்டைக் காட்டலாம்.

மேயில் வரும்போது ஏற்காடு கூட்டிப்போகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு, குட்டிக்கு எலுமிச்சம்பழம் கையில் வேண்டும். மேலே தாவரவியல் தோட்டத்தில் ஆர்க்கிட்டோடு குடுவைச்செடியும் வைத்திருக்கிறார்கள். இலை நுனியில் குடுவை தொங்கும், வழுக்கும் விளிம்பில் உட்கார்ந்த பூச்சி உள்ளே விழுந்தால் திரும்பி வராது. காப்பித் தோட்டத்தில் காட்டெருமை நின்றால் அதையும் பார்ப்போம், வண்டிக்குள் இருந்தபடியே.

சனிக்கிழமை கிளம்புமுன் இருவருக்கும் சாப்பாடு கொடுத்துவிடு. அங்கே உள்ளே விற்கும் சாண்ட்விச் விலையைப் பார்த்து அம்மா இன்னும் பேசுகிறாள். மே மாதம் எந்தத் தேதி என்று டிக்கெட் போட்டதும் சொல், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேச வேண்டும்.

அன்புடன்,
அப்பா