கட்டிலுக்கு அடியில் சிவப்பு விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நல்லபடியாக மதுரை வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பொட்டுத் தூக்கம் இல்லை. அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது உன் கட்டிலுக்கு அடியில் பார்த்த சிவப்பு விளக்குதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. மணி இரண்டு. நீ குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாய், உன் முதுகுக்கு ஒரு முழம் கீழே நீயே செய்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

காலையில் கேட்டதும் ஆசையாக எடுத்துக் காட்டினாய். பழைய லேப்டாப்பைப் பிரித்து எடுத்த செல்கள், கட்டைவிரல் பருமன். அடுக்கி, நிக்கல் பட்டையை வைத்து, டக் டக்கென்று வெல்டு அடித்தாய். பத்துச் செல்லை வரிசையாகச் சேர்த்தால் முழுச் சார்ஜில் 42 வோல்ட் என்றாய். அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கிய பிள்ளைதானே, பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு செல் சூடேறிப் பற்றினால் பக்கத்துச் செல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்றும் நீயேதான் சொன்னாய்.

முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? உன் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தேன். 2021 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வந்த பாரத் கிருஹ ரக்‌ஷாதான். கட்டடத்துக்கு 40 லட்சம். அதில் 20 சதவீதம், 8 லட்சம், சாமான்களுக்குத் தானாகவே உண்டு. தீ, வெடிப்பு இரண்டும் சேர்த்தி. ஷார்ட் ஆகிக் கருகிய சாதனத்துக்கு மட்டும் காசு வராது, அதிலிருந்து பரவிய தீ கணக்கில் வரும். அதுவரை சரி.

என் பயம் வேறு. சிநேகிதர்களுடைய எலக்ட்ரிக் சைக்கிளுக்குப் பேட்டரி செய்து கொடுத்துக் காசும் வாங்குகிறாயே, அது பொழுதுபோக்கா, தொழிலா? விண்ணப்பத்தில் குடியிருப்பு என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறாய். எரிந்த வீட்டில் ஐம்பது செல்லும் வெல்டிங் மிஷினும் கிடந்தால், நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் அதைத்தான் கேட்பார். அப்புறம் உன் போனில் வந்த பணத்தைக் கேட்பார்.

எங்கள் ஆபீசில் வீடு எரிந்த ஃபைல் ஒன்று வந்தது. படுக்கையறையில் ஸ்கிரீன் பிரிண்டிங், கட்டிலோரம் தின்னர் டின்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்து நாலு காசு பார்த்த மனுஷர். பாலிசி எடுத்தபோது அதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கிளெய்ம் இல்லை என்ற கடிதத்தை டைப் அடித்தது நான்தான். அவர் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, டீயைத் தொடாமல், அந்த ஒரு பக்கத்தையே திருப்பித் திருப்பிப் படித்தார்.

இன்னொன்று, மேல்வீட்டுக்குத் தீ பரவினால் அவர்களுக்கு ஆகும் நஷ்டத்தை உன் பாலிசி கொடுக்காது. அதற்குப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாக எடுக்க வேண்டும்.

விடச் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்க மாட்டாய். கம்பெனிக்கு ஒரு மெயில் போடு: என்ன செய்கிறாய், எத்தனை செல் இருக்கிறது, காசு வாங்குவது உட்பட எல்லாவற்றையும் எழுது. ஏஜென்ட் வாயால் "பரவாயில்லை சார்" என்றால் நம்பாதே, எழுத்தில் பதில் வாங்கு. பிரீமியம் கூடினால் கூடட்டும். சார்ஜ் பகலில், பால்கனியில், நீ விழித்திருக்கும்போது மட்டும்.

பார்சலில் முறுக்கு அனுப்பியிருக்கிறேன். டப்பா உன் பாட்டியுடையது. அதில் செல்லைப் போட்டு வைக்காதே.

அம்மா